தேயும் என்று ஒட்டிய அறிவித்தல்

கேம் பெட்டி திருத்துகிற தொழிலில் கைக்குக் கால்வாசி வேலை, வாய்க்கு முக்கால்வாசி வேலை.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் என் கடை. ரீவியில் பூட்டி விளையாடுகிற கேம் பெட்டிகள்தான் அதிகம் வரும். பாதிப் பெட்டிகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற மாமாமார் அனுப்பியவை. முந்தி ஒரு விளையாட்டு ஒரு சீடிக்குள் அடங்கிக் கிடந்தது. இப்போது ஒரே விளையாட்டு பெட்டியின் கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டு, கிழமைக்கொரு அப்டேட்டும் கேட்கிறது. பெட்டி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் மூடியைக் கழற்றி, எஸ்எஸ்டி என்கிற சேமிப்புத் தகட்டைப் பூட்டிக் கொடுப்பேன். இரண்டு விரல் அகலம்கூட இல்லாத சாமான். பூட்டப் பத்து நிமிடம் போதும். மிச்ச அரை மணித்தியாலமும் கதை.

கடை வைத்திருப்பவர்கள், பழுது பார்ப்பவர்கள், அவசரத்தில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். மற்றவர்கள் வாடிக்கையாளர்களாக இருப்பீர்கள். நீங்களும் வாசியுங்கள், உங்களைப் பற்றியும் இருக்கிறது.

வங்கிக்காரரின் நித்திரை

என்னிடம் எஸ்எஸ்டி பூட்டிக்கொண்டு போன ஒரு வங்கி உத்தியோகத்தர் மூன்றாம் நாள் காலையிலேயே வந்து நின்றார். பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்குத்தான் நித்திரை இல்லை. இந்தத் தகடு எழுத எழுதத் தேயும், ஒரு அளவுக்கு மேல் அதில் எழுத முடியாது என்று யாரோ இணையத்தில் வீடியோ போட்டிருந்தாராம். "தேயிற சாமானைத் தேயும் எண்டு சொல்லாமல் ஏன் வித்தனீர்?" என்று கடையில் நின்ற நாலு பேருக்கு முன்னால் கேட்டார்.

வீடியோக்காரர் சொன்னது பொய்யில்லை. தேயும். ஆனால் ஒரு வீட்டில் விளையாடி அதைத் தேய்த்து முடிப்பது லேசான வேலையில்லை. புதிதாக ஒரு விளையாட்டை இறக்கும்போதுதான் பெட்டி தகட்டில் நிறைய எழுதும். விளையாடும்போது பெரும்பாலும் எழுதியதை வாசிக்கிறதோடு சரி. இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். அவருடைய காது "தேயும்" என்ற சொல்லோடு கதவைச் சாத்திவிட்டது.

அவர் போன பிறகு கோபத்தில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்தேன். "எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும். கவனமாகப் பாவிக்கவும். பின்னர் கேட்க வேண்டாம்." லமினேட் பண்ணி, இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப்பால் சுவரில் ஒட்டினேன். மிச்ச விளக்கம் எழுதத் தாளில் இடம் இருந்தது. எனக்குத்தான் பொறுமை இருக்கவில்லை. அடுத்த கிழமை அதே உத்தியோகத்தர் ஒரு வயர் வாங்க வந்தார். அறிவித்தலை மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசித்தார். மனம் ஆறியிருப்பார் என்று நினைத்தேன்.

"இதை முதலே ஒட்டியிருந்தால் நான் வாங்கியே இருக்க மாட்டனே, ஐசே."

அரியாலையிலிருந்து ஒரு பெட்டி

அறிவித்தல் ஒட்டிக் கொஞ்ச நாளில் அரியாலையிலிருந்து சுலோசனா என்று ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் வந்தாள். பெட்டியைக் குளிக்கிற துவாயில் சுற்றி, அதை ஒரு சொப்பிங் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவளுடைய கணவர் ஜெயரூபன் கட்டாரில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம்தான் லீவு. வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்கு அவர் அங்கே ஒரு பெட்டியைப் போட, மகள் இங்கே இந்தப் பெட்டியைப் போட, இரண்டு பேரும் ரீவியில் பந்தடி, கால்பந்து, விளையாடுவார்களாம். மகளுக்கு அப்போது பத்தரை வயது. இப்போது பெட்டி நிறைந்துபோய் அப்டேட் இறங்க மறுக்கிறது. அப்டேட் இல்லாவிட்டால் இரண்டு பெட்டியும் ஒன்றோடொன்று சேராது. வெள்ளிக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"ரெலிபோனைக் குடுத்து அப்பாவோடை கதை எண்டு சொன்னால் 'ஓம்', 'ம்ம்' எண்டுவாள், அண்ணை. அவ்வளவுதான். பந்தடிக்கேக்கைதான் வாய் திறக்கிறவள். ரீச்சர் புதுக் கண்ணாடி போட்டது, பூனை குட்டி போட்டது, எல்லாம் அந்த நேரத்திலைதான் அவருக்குச் சொல்லுறவள்" என்றாள் சுலோசனா. எனக்கும் மனம் இளகியது. கையில் இருந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அவளுடைய பெட்டியை எடுத்துத் தகட்டைப் பூட்டிக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"தங்கச்சி, உதையும் ஒருக்கா வாசியுங்கோ" என்று சுவரைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள். "எழுத எழுத எண்டால், விளையாட விளையாடவோ?" என்று கேட்டாள். அதற்கு இல்லை என்பதுதான் பதில். ஆனால் இல்லை என்று சொன்னால் ஏன் என்றும் சொல்லவேண்டும். வாசலில் மூன்று பேர் காத்து நின்றார்கள். "ஓம், அப்பிடித்தான்" என்றேன்.

"அப்ப அளந்து பாவிச்சால் கனகாலம் இருக்கும், என்னண்ணை?"

தகட்டுக்கு அர்ச்சனை

அறிவித்தலை வாசித்து நடுங்கிப்போன இன்னொருவர் இணுவிலிலிருந்து வந்த ஒரு புகையிலைத் தோட்டக்காரர். மகனுக்குத் தகடு வாங்க வந்தவர், வாங்கிய கையோடு பூட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை என்னிடம் விட்டு, தகட்டை மட்டும் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு போனார். தேய்கிற சாமான் என்றால் ஆயுளுக்கு ஏதாவது செய்யத்தானே வேண்டும். புது மோட்டார் சைக்கிளைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோகிற மாதிரி இதையும் கொண்டுபோயிருக்கிறார். யாருடைய பெயருக்கு அர்ச்சனை, என்ன நட்சத்திரம் என்று ஐயர் கேட்டிருக்கிறார். இவர் யோசித்துவிட்டு, தகடு வாங்கிய நாளின் நட்சத்திரத்தைச் சொல்லியிருக்கிறார். ஐயரும் மறு கேள்வி கேட்கவில்லை. அவர் இதைவிட எவ்வளவோ பார்த்திருப்பார்.

அடுத்த நாள் கொண்டுவந்து தந்தார். பூட்டினேன், பெட்டி தகட்டைக் கண்டுபிடிக்கவில்லை. திருப்பிப் பூட்டினேன், அப்போதும் இல்லை. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தகட்டின் நுனியில் மின் இணைப்புக்கு இருக்கிற பொன்நிறப் பற்கள் முழுக்கச் சந்தனம். நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. மோட்டார் சைக்கிள் என்றால் முன் லைற்றில் வைப்பார்கள். இதில் எது முன் பக்கம் என்று ஐயருக்கு எப்படித் தெரியும்.

ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு மெல்ல மெல்லத் துடைத்தேன். காயவைத்துப் பூட்டியதும் பெட்டி உடனே கண்டுபிடித்தது. நான் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் வாடிப்போயிருந்தது.

"துடைச்சுப்போட்டியளே, தம்பி. அப்ப செய்த அர்ச்சனை செல்லுமோ?"

சோதினைக்கு முதல்

ஒரு ரீச்சர் அம்மா வந்தா. ஒன்றும் வாங்கவில்லை, ஒன்றும் திருத்தவில்லை. அறிவித்தலுக்கு முன்னால் நின்று கண்ணாடியைப் போட்டு வாசித்தா. பிறகு, விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இருக்கிற நிதானத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்டா. எவ்வளவு எழுதினால் தேயும்? ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதலாம்? எல்லாத் தகடும் ஒரே அளவாகத்தான் தேயுமா? இவ்வளவு அக்கறையான வாடிக்கையாளர் கிடைத்ததில் எனக்குச் சந்தோசம். கதிரை போட்டுக் கொடுத்து, கனகாலம் உழைக்கக்கூடிய நல்ல தகடு ஒன்றை எடுத்துக் காட்டினேன். அதை ஒரு விரலால் என் பக்கமே தள்ளிவிட்டா. வீட்டில் மகன் மார்கழியில் வருகிற சாதாரண தரச் சோதனைக்கு இருக்கிறானாம்.

"இது வேண்டாம். மார்கழிக்குள்ளை தேய்ஞ்சு முடியிற மாதிரி ஒண்டு இல்லையோ?"

குருநகரில் கறள்

குருநகர் மரியதாஸ் அண்ணை கடற்றொழிலாளி. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். காலையில் கடலால் வந்து, மீனைக் கொடுத்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, நித்திரை வரும்வரை காரோட்ட விளையாட்டு விளையாடுவார். ஒரு நாள்கூடத் தவறாது. ஞாயிறு பூசை முடிய வந்தும் விளையாடுவார். பெட்டி திடீரென்று நின்றுவிட்டது என்று கொண்டுவந்தார். தகடு தேய்ந்துவிட்டது என்று நான் அப்போதே தீர்மானித்துவிட்டேன். இவ்வளவு விளையாடினால் தேயாதா? அறிவித்தலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

மூடியைக் கழற்றப் போனால் திருகாணி அசையவில்லை. எல்லாத் திருகாணியும் துருவேறிக் கறள். உள்ளே விசிறியின் அச்சும் கறள். பெட்டியைக் கடல் பக்கம் பார்த்த யன்னலடியில் வைத்திருக்கிறார், காற்றாடினால் சூடு பிடிக்காது என்று. இரண்டு வருடமாக உப்புக் காற்று உள்ளே போயிருக்கிறது. தகட்டை எடுத்துக் கொம்பியூட்டரில் பூட்டிப் பார்த்தேன். ஆயுளில் தொண்ணூற்றெட்டு வீதம் மிச்சம் என்று காட்டியது. யாழ்ப்பாணத்திலேயே அதிகம் உழைத்த தகடு அதுவாகத்தான் இருக்கும்.

அன்றைக்கே அறிவித்தலைக் கழற்றியிருக்கவேண்டும். கழற்றவில்லை. அது ஒட்டிய பிறகு என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் குறைந்திருந்தார்கள், அந்தச் சுகம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. விசிறியை மாற்றி, திருகாணிகளை மாற்றிக் கொடுத்தேன். மரியதாஸ் அண்ணை பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சுவரை ஒருக்கால் அண்ணாந்து பார்த்தார்.

"தேயாததுக்குத் தேயும் எண்டு ஒட்டியிருக்கிறியள். கறள் பிடிக்கிறதுக்கு ஒண்டும் ஒட்டேல்லையே, தம்பி."

நல்ல வாடிக்கையாளர்

ஒரு நாள் பேக்கரியில் றோல்ஸ் வாங்க நின்றபோது பக்கத்தில் சுலோசனா நின்றாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பெட்டி எப்படி என்று கேட்டேன். நான் சொன்னபடியே அளந்து பாவிக்கிறாளாம். மாதத்தில் முதலாம் வெள்ளி மட்டும் போடுகிறார்களாம். மற்ற நாட்களில் வயரைக் கழற்றி, பெட்டிக்கு மேல் தைத்த உறை ஒன்றையும் போட்டு மூடிவைத்திருக்கிறாளாம். உறையின் நாலு பக்கமும் சரிகைக் கரை பிடித்திருப்பதாகவும் சொன்னாள்.

உங்களிடம் ஒன்றை ஒளிக்கமாட்டேன். நான் அவளைப் பாராட்டினேன். சொன்னதைக் கேட்கிற ஒரு வாடிக்கையாளராவது இந்த ஊரில் இருக்கிறாளே என்று மனம் குளிர்ந்தது. ஒரு மாதத்தில் மற்ற மூன்று வெள்ளிக்கிழமைகளும் இருக்கின்றன, அந்தப் பின்னேரங்களில் கட்டாரில் ஒரு மனிதன் பெட்டியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பான் என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் படவேயில்லை. எனக்கு றோல்ஸ் ஆறிவிடும் என்ற கவலைதான்.

"பிள்ளையும் ஒருக்காலும் அடம்பிடிக்கிறேல்லை, அண்ணை. நீங்கள் தந்த சாமான் அப்பிடியே புதுசாக் கிடக்கு."

கட்டாரிலிருந்து இரண்டு தகடு

போன மாதம் சுலோசனா கணவரோடு கடைக்கு வந்தாள். ஜெயரூபனை நான் அன்றைக்குத்தான் முதல் தரம் கண்டேன். ஒல்லியான மனிதர், வெயிலில் கறுத்த முகம், மெதுவான கதை. லீவில் வந்து நாலு நாள். ஒரு கையில் பெட்டி, மற்றக் கையில் சின்னப் பை. பைக்குள்ளிருந்து கட்டாரில் வாங்கிய இரண்டு புதுத் தகடுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது ரெண்டும் உங்களிட்டையே இருக்கட்டும், அண்ணை. உள்ளுக்கை இருக்கிறது தேய்ஞ்சால் ஒண்டைப் போடுங்கோ. அது தேய்ஞ்சால் மற்றதைப் போடுங்கோ. அப்ப பிள்ளை ஒவ்வொரு வெள்ளியும் விளையாடலாந்தானே?"

பிறகு மெல்ல மெல்ல மிச்சத்தையும் சொன்னார். வாராவாரம் வந்த பிள்ளை திடீரென்று மாதத்துக்கு ஒரு தரம் வரத் தொடங்கியதும், மகள் வளர்கிறாள், அப்பாவோடு விளையாட இனி விருப்பம் இருக்காது என்று தானே நினைத்துக்கொண்டாராம். ரெலிபோனில் கேட்டால் "ஓம்", "ம்ம்". மனைவியிடம் கேட்க வெட்கம். இருந்தும் ஒவ்வொரு வெள்ளியும் பெட்டியைப் போட்டு, மகளின் பெயருக்குப் பக்கத்தில், அவள் வந்துவிட்டாள் என்று காட்டுகிற பச்சை விளக்கு எரிகிறதா என்று ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு நிப்பாட்டுவாராம். ஒன்றரை வருடம். வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றைக்குத்தான் பெட்டிக்கு மேல் சரிகைக் கரை வைத்த உறையைக் கண்டு, இது என்ன என்று மகளையே கேட்டிருக்கிறார். "தேய்ஞ்சு போச்செண்டால் உங்களோடை விளையாடேலாது, அப்பா. அதுதான் நான் தொடாமல் வைச்சிருக்கிறன்" என்றாளாம் பிள்ளை.

பெட்டியைத் திறந்து தகட்டைக் கழற்றிக் கொம்பியூட்டரில் பூட்டினேன். பச்சை வட்டத்துக்குள் தொண்ணூற்றொன்பது வீதம் என்று வந்தது. இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒவ்வொரு வெள்ளியும் விளையாடியிருந்தாலும் இதே தொண்ணூற்றொன்பதுதான் காட்டியிருக்கும், விளையாட விளையாடத் தேயும் என்று நான் சொன்னது பிழை என்று சொன்னேன். சொல்லாமல் தப்பியிருக்கலாம். ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டுத்தானே இவ்வளவும் வந்தது. சுலோசனா கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் மிச்சம் பிடிக்கிறன் எண்டெல்லோ நினைச்சன்" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எழுந்துபோய் அறிவித்தலைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப், வரமாட்டேன் என்றது. கதிரையில் ஏறி நின்று இரண்டு கையாலும் இழுக்க, சுவர்ப் பூச்சையும் ஒரு பாளம் பெயர்த்துக்கொண்டு வந்தது. தலை முழுக்கச் சீமெந்துத் தூள். வேறு நாளென்றால் மூன்று பேரும் சிரித்திருப்போம். ஜெயரூபன் என் பக்கம் திரும்பவேயில்லை. கொம்பியூட்டரில் இருந்த அந்தப் பச்சை வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் ஒன்றும் இல்லாத குரலில்தான் கேட்டார்.

"தகட்டிலை தொண்ணூற்றொன்பது மிச்சம் எண்டுறியள், அண்ணை. பிள்ளைக்கு வாற மாதம் பன்ரண்டு. என்னோடை விளையாடுற வயசிலை இன்னும் எவ்வளவு மிச்சம் எண்டு உதிலை காட்டுமோ?"

பழுதான தகடு என்றால் மாற்றிக் கொடுத்துவிடலாம், கடைக்காரன் வாயால் பழுதான வெள்ளிக்கிழமைகளுக்கு எந்தக் கொம்பனியும் வாரண்டி தருவதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் இதுவரை நான் படித்தது.